140 ரூவாய்க்கு எத்தன பாயிண்ட்?

தவக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து எங்க வீட்டு பிரிட்ஜ் மேல ஒரு மண் உண்டியல் உக்காந்திருக்கு. பொண்ணு சாக்லேட் வாங்காம மிச்சம் புடிக்கிற காசு அதுல விழும், ஈஸ்டருக்கு முன்னாடி கோயில்ல கொண்டுபோய் குடுக்கணும், ஒறுத்தல் காசுன்னு சொல்லுவாங்க. மனைவி ஆர்சி, அதாவது கத்தோலிக்க, நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட், அதனால இந்த உண்டியல் பழக்கமெல்லாம் எனக்கு கல்யாணத்துக்கு அப்புறம் வந்ததுதான். போன வாரம் பொண்ணு உண்டியல குலுக்கிக்கிட்டே வந்து, "அப்பா இதுல 140 ரூவா இருக்கு, இயேசப்பா இதுக்கு எத்தன பாயிண்ட் போடுவாரு?"ன்னு கேட்டா. நானும் அவ அம்மாவும் ஒரே நேரத்துல "பாயிண்டெல்லாம் கிடையாது"ன்னுட்டோம். சொல்லிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம், ஏன்னா ரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நல்ல செயலும் வேணுமாங்கிற விஷயத்துல பத்து வருஷமா நாங்க வேற வேற கட்சி, அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தோம்.

சின்ன வயசுல எங்க சண்டே ஸ்கூல்ல எபேசியர் 2:8,9 மனப்பாட வசனம். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் (நாம செய்யுற செயல்களால) உண்டானதல்ல... தண்ணி மாதிரி ஒப்பிப்போம், பென்சில் பாக்ஸ் பரிசு கூட வாங்கிருக்கேன். ஆனா ஒம்பதோட நிப்பாட்டிருவோம். அடுத்த வசனத்துல என்ன இருக்குன்னு எனக்கு காலேஜ் முடிக்கிற வரைக்கும் தெரியாது. பத்தாவது வசனத்துல பாத்தா நற்கிரியைகளைச் செய்யத்தான் நம்மள படைச்சிருக்கு, அதையும் தேவனே முன்னாடியே ஆயத்தம் பண்ணி வச்சிருக்காருன்னு இருக்கு. அதாவது நல்லது செஞ்சு டிக்கெட் வாங்க முடியாது, ஆனா நல்லது செய்யுறதுக்குத்தான் டிக்கெட்டே குடுத்திருக்கு. இத விட்டுட்டு ரெண்டு வசனத்த மட்டும் காலண்டர்ல அடிச்சா என்ன ஆகும், என்ன மாதிரி ஆளுதான் உருவாவான்.

மாமியார் வீட்ல வார்த்தையே வேற. நாங்க கிருபைன்னு சொல்றது அவங்க பைபிள்ல அருள், எங்க ரட்சிப்பு அவங்களுக்கு மீட்பு. அவங்க பாட்டி இருந்த வரைக்கும் ஜெபமாலைல "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"ன்னுதான் ஆரம்பிப்பாங்களாம், இப்ப எல்லாரும் அருள் நிறைந்த மரியேன்னு சொல்றாங்க. பிரியதத்தம்! பிரியத்தோட குடுத்தது. கிருபைய வெளக்க நான் கேட்ட எந்த பிரசங்கமும் இந்த ஒரு பழைய வார்த்தை கிட்ட வரல.

சரி சண்டைக்கு வருவோம். எங்க வீட்ல மனைவி கைல இருக்கிற ஆயுதம் யாக்கோபு 2:24, மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான். என் கைல ரோமர் 3:28, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான். புராட்டஸ்டண்ட் இயக்கத்த ஆரம்பிச்சு வச்ச மார்ட்டின் லூத்தர் 1522ல புதிய ஏற்பாட்ட ஜெர்மன்ல கொண்டு வந்தப்ப அந்த ரோமர் வசனத்துல விசுவாசத்துக்கு பக்கத்துல "மட்டும்"னு ஒரு வார்த்தைய சேத்துட்டாரு, கிரேக்கத்துல அது இல்ல. ஏன்யா சேத்தன்னு கேட்டவங்களுக்கு, ஜெர்மன் பாஷைல அப்படி சொன்னாத்தான் அர்த்தம் வரும்னு 1530ல ஒரு நீளமான பதில் எழுதுனாரு. யாக்கோபு நிருபத்த அதே 1522ல வைக்கோல்னு சொன்னாரு, அப்புறம் வந்த பதிப்புகள்ல அந்த வரிய எடுத்துட்டாரு. மனைவி இத தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து "உங்க லூத்தர் கூட்டவும் செய்வாரு கழிக்கவும் செய்வாரு"ன்னு குத்திக் காட்டுவா. அதே லூத்தர் அதே வருஷம் ரோமருக்கு எழுதுன முன்னுரைல, நெருப்புல இருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் எப்படி பிரிக்க முடியாதோ அப்படித்தான் விசுவாசத்துல இருந்து கிரியையும்னு எழுதிருக்காரு, அத சொன்னா காதுல விழாது.

எனக்கு இது கொஞ்சம் தெளிஞ்சது ஆபிரகாமாலதான். ரோமர் நிருபம் எழுதுன பவுலும் சரி யாக்கோபும் சரி, ரெண்டு பேருமே ஆதியாகமம் 15:6 ஒரே வசனத்ததான் எடுத்து காட்டுறாங்க, ஆபிரகாம் விசுவாசிச்சான், அது நீதியா எண்ணப்பட்டுச்சுன்னு. பவுல் சொல்றது, பாரு, அப்ப அவனுக்கு விருத்தசேதனம் கூட ஆகல, அது 17வது அதிகாரத்துலதான் வருது, கைல எதுவுமே இல்லாமத்தான் வாங்குனான். யாக்கோபு அதே ஆதியாகமத்த 22வது அதிகாரத்துக்கு திருப்புறாரு, மகன் ஈசாக்க பலி குடுக்க மலைக்கு கூட்டிட்டு போற எடம், அன்னைக்கு நம்புனான்ல, அது நெசந்தானான்னு இங்க தெரியுது பாரு. நடுவுல ஈசாக்கு பொறந்து வெறகு சொமக்குற அளவுக்கு வளந்துட்டான், அத்தன வருஷம். பவுலுக்கு எதிர்ல நிக்கிறவன் கூலி கேக்குறவன் (ரோமர் 4:4 படிங்க, கூலின்னு வந்துட்டா அது கிருபை இல்ல கடன்), யாக்கோபுக்கு எதிர்ல நிக்கிறவன் பசியோட வந்தவன்கிட்ட சமாதானத்தோட போங்க பிரதர்னு சொல்லி கதவ சாத்துறவன். இவன் நம்மகிட்ட நெறைய இருக்கான். பிசாசும் கூட விசுவாசிக்குதுன்னு யாக்கோபு நக்கலடிக்கிறது இவனத்தான்.

1547ல திரெந்து சங்கத்துல கத்தோலிக்க சபை இதுக்குன்னே ஒரு தீர்மானம் போட்டு எங்க ஆளுங்க கருத்த சபிச்சு தள்ளுச்சு. அப்புறம் 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்ல, வாத்திக்கானும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட்டாங்க, நம்ம தகுதிய வச்சு இல்ல, கிருபையால மட்டுமே ஏத்துக்கொள்ளப்படுறோம், நற்செயல் அதுல இருந்து வருதுன்னு. 2006ல மெத்தடிஸ்ட் சேந்தாங்க, 2017ல சீர்திருத்த சபைங்க. எல்லா வித்தியாசமும் போயிடல, ஆனா அந்த பழைய சாபம் இப்ப சொல்ற போதனை மேல விழாதுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. எங்க ரெண்டு பேரு சபைலயும் இத பத்தி ஒரு பிரசங்கம் கூட நான் கேட்டதில்ல, அது தனி வயித்தெரிச்சல்.

இத ஆபீஸ்ல ஒரு ஐயங்கார் நண்பர்கிட்ட பொலம்புனேன். சிரிச்சிட்டு, இதுதானே எங்க வைணவத்துல ரெண்டு பிரிவு, வடகலை தென்கலைன்னாரு. வடகலைக்கு பக்தன் குரங்குக்குட்டி, அதுதான் தாய இறுக்கி புடிச்சுக்கணும், தென்கலைக்கு பூனைக்குட்டி, அத தாயே கவ்விட்டு போகும். அப்ப உங்காத்துல யாரு பூனைன்னு கேட்டாரு. என்னால சொல்ல முடியல, வருஷம் பூரா உண்டியலும் நோன்புமா இருக்கிற என் மனைவி, எதாச்சும் கஷ்டம்னா மாதா பாத்துப்பாங்கன்னு தூங்கிடுறா, கிருபை கிருபைன்னு பாடுற நான்தான் ராத்திரி முழுக்க கணக்கு போட்டுட்டு முழிச்சு கெடக்கேன்.

எங்க ஆச்சி ஞாபகம்தான் வருது. சோத்துக்கு உழக்குல அரிசி அளந்து போட்டதும் அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்து பழைய போன்விட்டா டப்பால போடுவாங்க, தெனமும், கோயிலுக்கு கைப்பிடி அரிசி. பதினாறு வயசுல யூத் கேம்ப் போயிட்டு சூட்டோட வந்த நான் அடுப்படில நின்னு, "ஆச்சி, கிரியையால ரட்சிப்பு கெடையாது, அரிசி போட்டா பரலோகம் போக முடியாது"ன்னு பிரசங்கம் பண்ணுனேன்.

"பரலோகத்துக்கு யாருல அரிசி போடுதா? ஒங்க தாத்தா செத்த வருசம் ஐயரம்மா ரெண்டு மரக்கா அரிசி குடுத்து விட்டாவல்லா, அது எந்த டப்பால இருந்து வந்துச்சுன்னு நெனைக்க?"ன்னாங்க. ஐயரம்மான்னா எங்க சபை பாதிரியாரோட மனைவி. அப்புறம் டப்பாவ என் கைல குடுத்து, "மூடிய நல்லா அமுக்கி மூடு, எறும்பு வந்துரும்"னாங்க.