இன்றைக்கு ஒன்றும் கேட்காதே

கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரருக்கு எங்கள் குடும்பம் வைத்த நேர்த்தி சென்ற வெள்ளிக்கிழமைதான் நிறைவேறியது. சுவாமிக்குப் பாலபிஷேகம், சிவகாமி அம்பாளுக்குப் பச்சைப்பட்டு, அதோடு தங்கச்சியின் மகள் தன் காலால் கோயிலின் உள்வீதியைச் சுற்றி வரவேண்டும். கடைசியில் உள்ளது அம்மா வைத்தது. யாரும் தூக்கக்கூடாது, பிள்ளை தானாக நடக்கவேண்டும் என்று அவள் பிறக்கும் முன்பே சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை காலம் காத்திருந்தோம்.

2022 ஜூலையில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று ஜூன் கடைசியில் அறிவித்துவிட்டார்கள். கொழும்பு-காலி வீதியில் ஓடிய வாகனங்களைவிட வரிசையில் கிடந்தவைதான் அதிகம். அந்த நாட்களில் ஒரு நடு இரவில், பிள்ளைக்கு மாதம் நிறையும் முன்பே, தங்கச்சிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தோம். ஒருவரிடமும் பெற்றோல் இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை அவள் தாங்கமாட்டாள் என்று பட்டது. அம்மா சுவாமி அறைக்குள் போய் சிவகாமியைக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எங்கள் சந்தியில் ஓட்டோ வைத்திருந்த ஒரு சிங்களவர், தன் வீட்டு அவசரத்துக்கென்று போத்தலில் பதுக்கி வைத்திருந்த பெற்றோலை ஊற்றி எங்களை ஏற்றிப் போனார். காசை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இந்தப் பிள்ளைக்காக மெழுகுதிரி ஏற்றுவதாகச் சொன்னார். பிள்ளை உள்ளங்கை அளவில் பிறந்தது. பல நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்தது. வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் பிடித்தோம். அம்மா பட்டையும் பால் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னார்: "இன்றைக்கு ஒருவரும் சுவாமியிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கினால், அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது இன்னொரு சுண்டு கேட்டுக்கொண்டா நிற்பாய்?"

புறக்கோட்டையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு விலை சொன்னார்கள். கோயில் வாசலில் அதைவிட மோசம். அர்ச்சனைத் தட்டு விற்பவர் அம்மாவின் கையைப் பிடித்தே இழுத்தார். நாங்கள் எல்லாம் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொன்னாலும் விடவில்லை. இன்னொருவர் கேட்காமலே பிள்ளையின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுக் காசுக்கு நின்றார். சுவாமி கும்பிட வருகிறவர்களை இப்படிப் படுத்தக்கூடாது. மனது கனிந்து வருகிற நேரத்தில் கோபத்தைக் கிளறிவிடுகிறார்கள்.

உள்ளே கால் வைத்ததும் அதெல்லாம் போய்விட்டது. வெளியே துறைமுகத்துக்குப் போகிற லொறிகளின் இரைச்சல், உள்ளே கருங்கல்லின் குளிர். 1857 இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில் இது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை முழுக்க முழுக்கக் கருங்கல்லில் இதைத் திருப்பிக் கட்டினார். தூண்களில் கை வைத்துப் பார்த்தால் சிற்பிகள் பட்ட பாடு தெரியும். அந்தக் கல்லில்தான் எங்கள் பிள்ளை நடந்தாள்.

நடந்தாள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். பாதி வீதியில் சனநெரிசல். எல்லோருக்கும் அவசரம், சிலர் போனை உயர்த்திப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தார்கள். பிள்ளை பயந்து தூணைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். தங்கச்சி தூக்கக் குனிந்தாள். அம்மா விடவில்லை. எனக்கு நெஞ்சு பதறியது. அப்போது முன்பின் தெரியாத ஒரு வயோதிப மாது தன் இரண்டு கைகளையும் விரித்து வழி மறித்து, "பிள்ளை வருது, கொஞ்சம் பொறுங்கோ" என்று சத்தம் போட்டார். கூட்டம் நின்றது. நின்றே விட்டது! அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, மீதி வீதியையும் நடந்து முடித்தாள். பிறந்தபோது சட்டைக்குள் காணாமல் போன அந்தக் கால்கள்.

பாலபிஷேகம் முடிந்து அம்பாள் சந்நிதிக்கு வந்தோம். திரை விலகியது. நாங்கள் கொண்டுவந்த பச்சைப்பட்டில் சிவகாமி நின்றாள். வழக்கமாக அவள் முன்னால் நின்றால் என் வாயில் ஒரு பட்டியல் தானாக வரும். மருமகனின் வேலை, அம்மாவின் முழங்கால், எல்லாம் வரிசையில் நிற்கும். அன்று அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நடந்ததை அவளுக்கே திருப்பிச் சொன்னேன். நனைந்து கிடந்த வீதியை, போத்தல் பெற்றோலை, ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் குந்தியிருந்த படியை, கண்ணாடிக்கு வெளியே தங்கச்சி கையை வைத்ததும் உள்ளே ஒரு விரல் அசைந்ததை. ஒன்றையும் விடவில்லை. அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் நன்றி என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. செய்ததை நான் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். குருக்கள் கற்பூரத்தை உயர்த்தியபோது கண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் பூசையில் ஒரு பெரியவர் பஞ்சபுராணம் என்கிற ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதினார். திருப்பல்லாண்டு வந்தபோது அம்மாவும் சேர்ந்துகொண்டார். இறைவனிடம் ஒன்றும் வேண்டாமல், அவனுக்கே பல்லாண்டு கூறுகிற பாட்டு. சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அன்றுதான் அது எனக்குள் இறங்கியது.

வெளியே வந்ததும் அம்மா அந்தோனியார் கோயிலுக்கும் போகவேண்டும் என்றார். எங்களுக்காக மெழுகுதிரி எரிந்த இடத்துக்குப் போகாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்து அத்தனை உயிர் போன அதே ஆலயம். இன்றும் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மெழுகுதிரி ஏற்றினார். உதடு நெடுநேரம் அசைந்தது. என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்டேன். அந்த ஓட்டோக்காரருக்காக என்றார். அவர் இப்போது எங்கள் சந்தியில் இல்லை, ஊரோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

தாயே சிவகாமி, நீ தந்ததற்கு நாங்கள் கொடுத்தது ஒரு பட்டும் கொஞ்சம் பாலும். அன்று இரவு போத்தலில் மிச்சம் இருந்த பெற்றோலுக்கும், வீதியில் கையை விரித்து நின்ற அந்த அம்மாவுக்கும், விடிய விடிய விழித்திருந்த தாதிமாருக்கும் சேர்த்து உன்னைக் கும்பிடுகிறேன். பிள்ளை இப்போது பக்கத்து அறையில் சுவரில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள், தங்கச்சி அவளை ஏசுகிறாள். அதற்கும்தான்.