மஞ்சள் நிலம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நான் முதன்முதலாகப் பார்த்த பிராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கு செத்துக் கிடந்தது. 2023 ஜனவரி. டெக்சாஸிலிருந்து கிரீன் ரிவர் ஊருக்குக் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே கம்பிவேலியோரம் பனியில் பாதி புதைந்து ஆறேழு உடல்கள். வேலியைத் தாண்ட முடியாமல், தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே மடிந்திருந்தன. வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தில் வெள்ளைப் பட்டைகள். சட்டென்று கோடியக்கரை வெளிமான் நினைவு வந்துவிட்டது.

நான் வேதாரண்யத்துக்காரன். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் கோடியக்கரைக்கு சைக்கிள் மிதித்தால், முறுக்குக் கொம்பு வெளிமான்கள் புல்வெளியில் துள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அதைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி பெரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த எண்ணம் வந்திருக்காது. இங்கே என் வேலையும் ஒருவகையில் உப்புதான். கிரீன் ரிவரைச் சுற்றி நிலத்தடியில் இருப்பது உலகிலேயே பெரிய டிரோனா என்ற உப்புக் கனிமப் படிவு. அதை வெட்டியெடுத்து, கண்ணாடி செய்வதற்கான சோடா சாம்பலாக மாற்றும் ஆலையில் நான் ரசாயனப் பொறியாளன்.

அந்தக் குளிர்காலம் மிகக் கொடியது என்பதை ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எல்லாக் குளிர்காலமும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். பனி உருகி மறுபடி உறைந்து கல்லாகிவிட்டதால், அடியிலிருந்த சேஜ்பிரஷ் புதர்களை விலங்குகளால் தோண்டி எடுக்க முடியவில்லை. பைன்டேல் ஊர்ப் பக்கம் நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற கிருமியும் சேர்ந்துகொண்டது. சப்லெட் கூட்டம் என்று அழைக்கப்படும் மந்தையில் ஏறக்குறைய பாதி அழிந்துபோனது.

ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பிராங்ஹார்ன் செத்த கதையைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அதே மனிதர் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதை வேட்டையாடப் போகிறவர். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் பல நாள் பிடிபடவில்லை. அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. தன் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நடந்த கதையைச் சொன்னார், அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முன்பு இந்த விலங்கு மொத்தமே சில பத்தாயிரமாகச் சுருங்கியிருந்தது. வரம்பில்லாமல் சுட்டுத் தள்ளியதும் மேய்ச்சல் நிலம் போனதும் காரணம். உரிமம், பருவம், எண்ணிக்கை என்று கட்டுப்பாடு வந்த பிறகுதான் மீண்டது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வனவிலங்குக்கே செலவிட வேண்டும் என்று 1937-இல் ஒரு சட்டம் வந்தது. நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாவுக்கும் அந்த வரி 11 சதவீதம், இன்றும் வசூலாகிறது. உரிமக் கட்டணமும் மாநில வனவிலங்குத் துறைக்கே போகிறது. அன்றிரவு வீடு திரும்பியதும் என் மனைவியிடம், நானும் போகப்போகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எதையும் வீணாக்கக் கூடாதுங்க, அதுக்குச் சரின்னா போங்க" என்றார்.

உடனே போய்விட முடியாது. இந்த மாநிலத்தில் ஒரு முழு வருடம் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரராகக் கணக்கு. நான் கிரீன் கார்டு வைத்திருப்பதால் துப்பாக்கி வைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. எச்1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்: கூட்டரசுச் சட்டம் அவர்களுக்குத் துப்பாக்கியைத் தடைசெய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இதை யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். 1966-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். கல்லூரியில் என்சிசி முகாமில் பாயிண்ட் டூ டூ துப்பாக்கி சுட்டதோடு சரி, எனக்கு வேறு பழக்கம் இல்லை. என்னோடு அமர்ந்து படித்தவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வேலியைக் கடக்கும்போது துப்பாக்கியை எப்படி இறக்கி வைப்பது என்று எனக்குச் செய்து காட்டியது அவர்களில் ஒரு சிறுமி.

உரிமம் குலுக்கலில் கிடைப்பது. ஜூன் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் போட்டால், ஜூன் மூன்றாம் வாரவாக்கில் முடிவு வரும். உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் 40 டாலருக்கும் குறைவு. பிராங்ஹார்ன் உரிமத்தில் உள்ளூர்க்காரர்களுக்குப் புள்ளிச் சேமிப்பு, அதாவது கிடைக்காத வருடத்துக்குப் புள்ளி சேர்ந்து அடுத்த முறை முன்னுரிமை தருவது, கிடையாது; ஒவ்வொரு வருடமும் புதுக் குலுக்கல். 2024-இல் எனக்குக் கிடைக்கவில்லை. சாவு அதிகமானதால் எங்கள் பக்கம் உரிமங்களை வெட்டியிருந்தார்கள், அது சரிதான். அந்த வருடம் வேலி திருத்தும் தன்னார்வலர்களோடு நான்கு சனிக்கிழமை போனேன். பிராங்ஹார்ன் மணிக்கு 55 மைல் ஓடும், ஆனால் வேலியைத் தாண்டுவது அரிது, அடியில் நுழைந்துதான் போகும். தடை எதுவும் இல்லாத சமவெளியில் உருவான உடம்பு அது. அந்த வேகம்கூட, சுமார் 12,000 வருடத்துக்கு முன்பு அற்றுப்போன அமெரிக்கச் சிவிங்கிப்புலிக்குத் தப்ப வந்தது என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். துரத்தியது போய்விட்டது, ஓட்டம் மட்டும் மிச்சம். அதனால் வேலியின் கீழ்க்கம்பியில் முள்ளை எடுத்துவிட்டு, வழுவழுப்பான கம்பியைத் தரையிலிருந்து 16 அங்குலத்துக்கு மேலே கட்டுகிறோம். கூட வந்த என் மகள், "அப்பா, இதுங்களுக்குக் குதிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். விளக்கியதும், அளவுகோலை என்னிடமிருந்து வாங்கி அவளே ஒவ்வொரு கம்பமாக அளக்க ஆரம்பித்தாள்.

2025 ஜூனில் உரிமம் விழுந்தது. முதல் வகை, அதாவது ஆணோ பெண்ணோ ஒன்று. அதிலிருந்து என் மாலைகளெல்லாம் வரைபடத்தோடுதான்.

இங்கே புதிதாக வரும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். வரைபடத்தில் மஞ்சள் என்றால் பிஎல்எம், கூட்டரசின் நில மேலாண்மைத் துறை பார்த்துக்கொள்ளும் பொது நிலம். பச்சை தேசியக் காடு. நீலம் மாநில நிலம். வெள்ளை தனியார். வயோமிங்கில் மட்டும் மஞ்சள் சுமார் 1.8 கோடி ஏக்கர். அதில் நடக்க, கூடாரம் போட, பறவை பார்க்க, உரிமம் இருந்தால் வேட்டையாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். நீலத்தில் அப்படி இல்லை: வேட்டைக்குப் போகலாம், முன்அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. வெள்ளையில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. "அத்துமீறாதே" பலகை அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லையைத் தெரிந்து வைத்திருப்பது வேட்டைக்குப் போகிறவரின் பொறுப்பு. நான் ஆன்எக்ஸ் செயலியை வைத்துக்கொண்டேன், கூடவே காகித வரைபடமும். செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் அங்கே சிக்னல் இல்லாமல் கையைப் பிசைய வேண்டியதுதான்.

எங்கள் பகுதியில் இது இன்னும் சிக்கலானது. 1862-இல் ரயில்பாதைச் சட்டம் போட்டபோது, பாதைக்கு இரு புறமும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் கட்டமாக ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அது இருபுறமும் இருபது மைல் அகலமானது. இன்றும் வரைபடம் சதுரங்கப் பலகை போலவே இருக்கிறது: ஒரு கட்டம் மஞ்சள், அடுத்தது வெள்ளை. மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குப் போக மூலையில் மட்டும்தான் தொடுகை. 2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு பேர் எல்க் மலைப்பக்கம் ஒரு மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால்படாமல் தாண்டினார்கள். அவர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. நடுவர் குழு அவர்களை விடுவித்தது. நில உரிமையாளர் தொடுத்த உரிமையியல் வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது. இருந்தாலும் முதல் வேட்டையை ஒரு மூலையில் நின்று தொடங்க எனக்கு மனமில்லை. சதுரங்கப் பலகைக்கு வடக்கே, ரெட் டெசர்ட்டில் மஞ்சள் முழுத்துணியாக விரிந்துகிடக்கிறது. அங்கேதான் என்று முடிவு செய்தேன்.

ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் இடம் பார்க்க ஐந்து முறை போய்வந்தோம். ராக் ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே மண்சாலை. போர்ஸ் டஸ்க் என்ற ஒற்றை எரிமலைப் பாறையும் கில்பெக்கர் மணல்மேடுகளும் வழியில் வரும். மழை பெய்தால் அந்தக் களிமண் சக்கரத்தைச் சுற்றிப் பசையாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் பயணத்தில் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டு, வெயிலில் காயும் வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது மண்வெட்டி, இரண்டு மாற்றுச் சக்கரம், பத்து கேலன் தண்ணீர், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் கிளம்புவதில்லை.

அந்த வறண்ட மண்ணில் தண்ணீர்தான் வழிகாட்டி. மாட்டுக்கு வைத்த தொட்டி, ஊற்றுக் கசிவு என்று எங்கே குளம்புத் தடம் இருக்கிறதோ அங்கே குறித்துக்கொள்வேன். செயலியில் நான் போட்ட குறிகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர்தான்: உப்புத்தொட்டி, அகத்தி மேடு, காத்து வாசல். காத்து வாசல் என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம். காலையில் மேற்குக் காற்று அதன் வழியே முகத்துக்கு நேராக வரும், அதில் தவழ்ந்து போனால் நம் வாசனை பின்னால் போய்விடும். தவழும் இடமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. ஊரில் வேலியோரம் பார்த்த குடும்பம்தான், ஆனால் முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் பூர்வீகம் இந்தக் கண்டம் என்பதை இங்கே வந்துதான் உணர்ந்தேன். முழங்காலுக்கு உறை வாங்கினேன்.

பிராங்ஹார்னின் கண்களை ஏமாற்றுவதுதான் கடினம். தலையின் இரு ஓரத்திலும் பெரிய கண்கள், ஒரு மைல் தொலைவில் கதவைத் திறந்தாலே தலை நிமிர்ந்துவிடும். பயந்தால் பின்புறத்து வெள்ளை மயிர் விரிந்து கண்ணாடி போல மின்னும், அடுத்த கூட்டமும் அதைப் பார்த்து ஓடும். ஊர்க்காரர்கள் ஆன்டிலோப் என்றுதான் சொல்வார்கள், ஆனால் இது உண்மையான ஆன்டிலோப் இனம் அல்ல. இன்று உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும். கவைபோல் பிரிந்த கொம்பின் மேலுறையை வருடந்தோறும் உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்த உறை ஒன்றை என் மகள் கண்டெடுத்துக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் ரைபிள், மெக்கானிக் பெரியவர் சொன்னதை வாங்கினேன். படுத்தும் உட்கார்ந்தும் வாரம் இரண்டு நாள் பழகினேன். 250 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று எனக்கு நானே வரம்பு வைத்திருக்கிறேன். காயம்பட்டு ஓடிப்போக விடக் கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேலங்கியும் எடுத்து வைத்தாகிவிட்டது.

அதைவிட நான் கவலைப்படுவது சுட்ட பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி. பிராங்ஹார்ன் கறி நாறும் என்று இங்கேயே பலர் சொல்வார்கள். பெரியவர் ஒப்புக்கொள்ள மாட்டார்: வெயிலில் வண்டியில் போட்டு ஊர் சுற்றினால் எந்தக் கறியும் நாறும் என்பார். செப்டம்பர் மதியம் நல்ல சூடு. மயிர் உள்ளீடற்றது, குளிரைத் தடுப்பது போலவே சூட்டையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதலில் உரிமத்தோடு வரும் சீட்டில் தேதி குறித்து, கையெழுத்திட்டு, உடலோடு கட்டவேண்டும், உடனே தோலை உரிக்க வேண்டும், துணிப்பைகளில் காற்றாட விட்டு ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நான்கு கால் சதையும் முதுகுச் சதையும் விடாமல் எடுத்தாக வேண்டும் என்பது சட்டமும்கூட. எலும்பு நீக்கினால் முப்பது, நாற்பது பவுண்டு தேறும். ஒரு மைலுக்குள் முதுகில் சுமந்துவிடலாம். அதற்காகவே பாதையிலிருந்து அதற்கு மேல் தள்ளியிருந்த இரண்டு நல்ல இடங்களை விட்டுவிட்டேன்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சாதுவையா தம்பி சுடப் போற?" என்றார். 2023 குளிர்காலத்தில் பார்த்ததைச் சொன்னேன், வேலிக் கம்பியைச் சொன்னேன், குலுக்கலைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாம்மா."

"கோடிக்கரை மான் மாதிரியா இருக்கும்?"

"ஓடுறது அப்படியே இருக்கும்மா. கொம்புதான் வேற."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, இவ்வளவு கறியை என்ன செய்வாய், உப்புக்கண்டம் போடத் தெரியுமா என்று கேட்டார். விரல் தடிமனுக்கு நீளமாக நறுக்கணும், கல்லுப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் புரட்டி ஒரு ராத்திரி வைக்கணும், சணலில் கோத்துக் காயப் போடணும், ராத்திரி பனியில் விடக் கூடாது. இங்கே காற்று எப்படி என்று கேட்டார். எலும்புவரை காய வைக்கும் காற்று என்றேன். அப்படியானால் மூணு நாள் போதும் என்றார்.

பருவம் செப்டம்பர் மூன்றாம் வாரம் திறக்கிறது. தண்ணீர் நிரப்பிய நான்கு பால் கேன்கள் ஃப்ரீசரில் கட்டியாகிவிட்டன. இன்னும் நான்கு வைக்க வேண்டும், இடமில்லை. சால்ட் லேக் சிட்டியில் வாங்கிவந்த துருவின தேங்காயும் முருங்கைக்காய் பாக்கெட்டுகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வாரம் முழுக்க நம் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் என்று மனைவி சொல்லிவிட்டார்.