வீணை இல்லாத சரஸ்வதி முன் ஒரு வீணை

என் மகன் கையால் முழுசாக ஒரு வீணை முடிந்தால் அதை வேதாரண்யத்துச் சரஸ்வதியிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் அகத்தியம்பள்ளி, உப்பளம் பக்கம். எந்தக் கஷ்டம் என்றாலும் முதலில் மறைக்காட்டு (வேதாரண்யத்துக்குப் பழைய பெயர் திருமறைக்காடு) ஈசனைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தொழில் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் போய் நான் உட்கார்ந்தபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்சு இல்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட, “அதனால உனக்குச் சம்பளம் ஏறுமா?” என்றுதான் கேட்டார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டிக்கொண்டதோடு சரி.

பலா மரத்தைக் குடைவது, யாளி முகம் செதுக்குவது எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. மெட்டு, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற உலோகக் கட்டைகள், வைப்பதுதான் வரவில்லை. மெழுகையும் கரித்தூளையும் காய்ச்சி, வீணையின் கழுத்தான தண்டியின் மேல் இட்டு, 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு அதில் பதிக்க வேண்டும். இம்மி தள்ளினாலும் சுரம் பேசாது. எனக்குப் பின்னால் பட்டறைக்கு வந்த தம்பி ஒருவன் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் வைத்துவிட்டு எழுந்திருப்பான். நான் வைப்பேன், கேட்பேன், பிடுங்குவேன், மறுபடி மெழுகைக் காய்ச்சுவேன். அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை, அவன் காது கடவுள் கொடுத்தது. ஆனால் நமக்கு இது விதிக்கப்படவில்லையோ என்ற நினைப்பு வந்துவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

ஒரு வழியாக ஏகாந்த வீணை, ஒரே மரத்தில் குடைந்தது, முடிந்தது. தை அமாவாசையன்றே போகலாம், அப்பாவுக்குத் தர்ப்பணமும் ஆகிவிடும் என்றார் அம்மா. அன்றைக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போகிற பேருந்தில் ஒரு வீணையோடு ஏறுவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து நின்றேன். இருக்கையில் இருந்த ஒரு பாட்டி, “இப்படி வை தம்பி” என்று வீணையின் குடத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். இறங்கும்வரை ஒரு கையை அதன் மேலிருந்து எடுக்கவே இல்லை. இறங்கும்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பாட்டி எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

கடற்கரையில்தான் மனசு கசந்தது. தர்ப்பணம் செய்துவைக்க ஒரு தொகை பேசி, பாதியில் “தானம் தனி” என்று இன்னொரு தொகை. கோயில் வாசலில் “வரிசை வேண்டாம், நேரா சாமிகிட்ட விட்டுடறேன்” என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் வேறு. பிதுர்க்கடனுக்கு வந்து நிற்கிறவனிடம் இப்படிப் பிடுங்குவது பாவம், வேறென்ன சொல்ல? நாங்கள் வரிசையிலேயே நின்றோம்.

நின்றதும் நல்லதுக்குத்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது அம்மா இந்தக் கோயில் கதவின் கதையை ஆரம்பித்தார். வேதங்கள் பூசித்துப் பூட்டிய கதவு. சம்பந்தர் சொல்ல, அப்பர் திறக்கப் பாடுகிறார். ‘பண்ணின் நேர்மொழியாள்’ என்று தொடங்கிப் பாட்டுப் பாட்டாகப் போகிறது, கதவு அசையவில்லை. ‘இரக்கமொன்றிலீர்’ என்று பதினோராம் பாட்டில் நொந்துபோய்க் கேட்ட பிறகுதான் திறந்தது. திரும்ப அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அன்றிரவு அப்பர் மனம் கலங்கித்தான் படுத்தாராம்.

எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு வீணையைச் சுமந்துகொண்டு கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவ்வளவு பெரியவர், எத்தனை தலங்களில் பாடியவர், அவருக்கே ஒரு ராத்திரி இப்படிப் போயிருக்கிறது. அந்தக் கலக்கத்தோடு அவரை ஈசன் விட்டுவிடவும் இல்லை. கனவில் வந்து, வாய்மூரில் இருக்கிறோம், வா என்று கூப்பிட்டான். அங்கே போய், திறக்கப் பாடிய என்னைவிட உறைப்பாகப் பாடி அடைப்பித்தவர் இதோ நிற்கிறார் என்று சம்பந்தரைக் காட்டி அப்பர் தம் வாயாலேயே பாடினார். அதற்குப் பிறகும் பாடிக்கொண்டேதான் இருந்தார்.

மறைக்காட்டு மணாளரைக் கண் குளிரப் பார்த்தோம். அம்பாளையும் தரிசித்துவிட்டுச் சரஸ்வதியிடம் வந்தோம். இங்கே அவள் கையில் வீணை கிடையாது, சுவடிதான். அம்பாளின் குரல் முன்னால் தன் வீணை நிற்காது என்று அதை வைத்துவிட்டாள். அம்பாளுக்கே இங்கு யாழைப் பழித்த மொழியாள் என்றுதானே பெயர்!

நான் போர்வையைப் பிரித்து வீணையைக் கீழே வைத்தேன். பின்னால் தள்ளுகிறார்கள், யாரோ சத்தம் போடுகிறார்கள். அர்ச்சகர் வந்து பார்த்துவிட்டுக் குடத்தின் மேல் ஒரு பூவை வைத்து, “ஒரு தடவை மீட்டுங்கோ” என்றார். பேருந்துக் குலுக்கலில் தந்தியை முறுக்குகிற பிருடை தளர்ந்திருந்தது. முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு முதல் தந்தியான சாரணியை மட்டும் மீட்டினேன். அப்புறம் மெட்டு மெட்டாக ஏறினேன். ச, ரி, க, ம... எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. நான் வைத்த மெட்டுகள்!

தாயே, உன்னைவிட இனிய குரல் கேட்டபோது நீ வீணையைத்தான் வைத்தாய். எழுந்து போய்விடவில்லை, அம்பாள் பக்கத்திலேயே சுவடியோடு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு இது போதும் தாயே. அந்தத் தம்பியின் காது எனக்கு வேண்டாம். மெழுகை மறுபடி காய்ச்சுகிற பொறுமையை மட்டும் கொடு. இந்த மரத்தையும் என் கையையும் சேர்த்துவைத்தது நீதான். என்னைவிட முன்னாலேயே அதை நம்பினவர் அம்மா. அவருக்கு நீ நீண்ட ஆயுசு கொடுக்க வேண்டும்.

இதற்குமேல் அங்கே எதையும் வரிசையாகப் பார்க்க முடியவில்லை. வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள், விளக்கையெல்லாம் கண்ணீருக்குள்தான் பார்த்தேன். அம்மா பிராகாரத்தில் உட்கார்ந்து வீணையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

மாசியில் திருக்கதவு திறக்கும் விழாவுக்கு மறுபடி போகிறோம், திரும்பும்போது வாய்மூருக்கும். அந்தத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறான்.