குண்டு விழுந்த தூரம்

கடலூர் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, தேவனாம்பட்டினம் என்றேன். "இந்தக்காவ குண்டு சாலைல இறக்கிவிட்டுட்டுப் போயிடலாம் சார், கொஞ்சம் சுத்துதான்" என்றார் ஓட்டுநர். சாலை குண்டும் குழியுமாக இருப்பதால் வந்த பெயர் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்திலிருந்த அக்கா சிரித்துவிட்டார். "அது வேற குண்டுப்பா. வெள்ளக்காரன் பீரங்கில போட்டு அடிச்சது."

கட்டுக்கதை இல்லை. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்பதும் இதுதான். சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்குச் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ, அதுவரை கம்பெனிக்கு. வெடிமருந்து திணிப்பதும் சுடுவதும் பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று சென்னையிலிருந்து ஜாடையாகச் சொல்லியும் அனுப்பினார்கள்! கிழக்கே கடல், மற்ற திசைகளில் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. வீச்சு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே அந்தப் பீரங்கிக்காரன் சாமர்த்தியசாலியாக இருந்திருக்க வேண்டும்.

கோட்டை என்று பெரிதாக எதிர்பார்த்து யாரும் இங்கே வர வேண்டாம். 1758இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டது. மிச்சம் சில செங்கல் சுவர்களும் செடிகொடியும்தான். சில்வர் பீச்சுக்குப் போகும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நான் வந்தது பெஞ்சமின் ராபின்ஸுக்காக. இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணக்கு மேதை. குண்டின் பாதை பரவளையம், அதாவது ஏறின மாதிரியே சீராக வளைந்து இறங்கும் கோடு என்று 1638இல் கலிலியோ எழுதியது காற்றை ஒதுக்கி வைத்துப் போட்ட கணக்கு. காற்று லேசானது, கனமான இரும்பை அது என்ன செய்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ராபின்ஸ் அளந்து பார்த்தார். கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார். ஊசல் பின்னால் ஆடும்போது ஒரு நாடாவை இழுத்துக்கொண்டு போகும். இழுபட்ட நாடாவின் நீளத்திலிருந்து குண்டின் வேகம் கிடைத்துவிடும். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த நாடாவால்தான். நொடிக்கு 1,670 அடி வேகத்தில் பறக்கிற ஒரு சின்ன ஈயக் குண்டைக் காற்று அதன் எடையைப் போல 120 மடங்கு விசையோடு தடுக்கிறது என்று கண்டார். ஒலியின் வேகத்தைத் தாண்டினால் தடை திடீரென்று எகிறுவதையும் கவனித்தார். 1742இல் புத்தகமாக வெளியிட்டார். மூன்றே வருடத்தில் கணித மேதை ஆய்லர் அதை விளக்கவுரையோடு ஜெர்மனில் கொண்டுவந்தார்.

அவர் கணக்கில் 24 பவுண்டு பீரங்கிக் குண்டு, காற்றே இல்லாவிட்டால் 16 மைல் போகும். உண்மையில் போவதோ 3 மைலுக்கும் குறைவு. அப்படியானால் மருந்தை அள்ளி அள்ளித் திணித்து என்ன பயன்? கூடுதலாகக் கிடைக்கும் வேகத்தை வழியிலேயே காற்று தின்றுவிடும். குறைந்த மருந்து, பெரிய குண்டு, எடை குறைந்த பீரங்கி போதும் என்று 1747இல் கப்பற்படைக்கு யோசனை சொன்னார். அப்போது செய்யவில்லை. 1778 வாக்கில் ஸ்காட்லாந்தின் கரோன் இரும்பு ஆலையில் அந்த வகையில் குட்டைப் பீரங்கிகளை வார்த்தார்கள்.

ராபின்ஸ் அதைப் பார்க்கவில்லை. கோட்டைகளைப் பலப்படுத்தக் கம்பெனி அனுப்ப, 1750இல் தலைமைப் பொறியாளராக இங்கே வந்து சேர்ந்தார். மறு வருடம் ஜூலையில், இதே கோட்டையில், காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44. ஒரு குண்டின் வீச்சால் எல்லை போட்ட ஊரில், அந்த வீச்சு ஏன் குறைகிறது என்று கண்டவர்! அவர் பெயர் போட்ட பலகை ஏதாவது இருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனில் கணக்குப் போட்டேன். 16 மைல் என்றால் 25 கிலோமீட்டருக்கு மேல். கடலூரிலிருந்து புதுச்சேரி அதைவிடப் பக்கம். 1690இல் அங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். காற்று மட்டும் இல்லாதிருந்தால் அவர்களுடைய ஊரும் குண்டு கிராமம்தான்.

"பாண்டி ஒண்ணா சார்?" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.