நந்தவனத்தில் கிடைத்த மகள்

குழந்தை இல்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கொடுப்பது ஒரு கோவில் பட்டியல்தான். எங்களுக்கும் கொடுத்தார்கள். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை பாதத்தில் வைத்துத் தந்த நெய்யை 48 நாள் சாப்பிட்டோம். திருவெண்காட்டில் முக்குளத்திலும் முழுகினோம். அதையெல்லாம் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கருகாவூரில் வேண்டுதல் பலித்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அழுதுகொண்டே சிரித்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் போகிற ஊர் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. தத்து எடுக்க முடிவு செய்தவர்கள் முதலில் போக வேண்டிய ஊர் அதுதான் என்பது என் கட்சி.

தத்து என்ற முடிவுக்கு வருவதற்குள் நாங்கள் பட்டது தனிக் கதை, அதை விடுங்கள். முடிவு எடுத்த பிறகு கிடைத்த யோசனைகளைச் சொல்கிறேன். "எனக்கு ஒரு நர்ஸைத் தெரியும், சத்தமில்லாமல் முடித்துவிடலாம்" என்றவர்கள் உண்டு. அது ஜெயிலுக்குப் போகிற வேலை. காரா என்கிற மத்திய அரசு அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து, வரிசையில் நின்று, சட்டப்படி எடுப்பதுதான் வழி. இன்னொரு கூட்டம் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியோடு வந்தது. "தத்து எடுங்க, அடுத்த வருஷமே உங்களுக்குன்னு ஒண்ணு பிறக்கும் பாருங்க" என்பார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். வரப்போகிற பிள்ளையைப் பரிகாரமாகவா கூட்டிக்கொண்டு வருகிறோம்?

பதிவு செய்தபின் வீட்டு ஆய்வுக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சம்பளம், உடம்பு, மருத்துவச் சான்று, எங்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாம் கேட்டார். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் புருஷன் பெண்டாட்டி வயதைக் கூட்டி 85-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அதில் தேறிவிட்டோம். கடைசியாக, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குழந்தைகிட்ட எப்போ, எப்படிச் சொல்லப்போறீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அடுப்படியில் இருந்து அத்தை (என் மாமியார்) குரல்தான் முதலில் வந்தது: "எதுக்குச் சொல்லணும்? சொன்னா பிள்ளை மனசு உடைஞ்சுபோகாதா?"

சமூகப் பணியாளர் கோபப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே கதை மாதிரி சொல்லிக்கொண்டு வந்தால் உடையாது, பதினைந்து வயதில் வேறு யாரோ சொல்லித் தெரிந்தால்தான் உடையும் என்று பொறுமையாக விளக்கினார். அத்தை சமாதானம் ஆகவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஊரோ, எந்த வீட்டுப் பிள்ளையோ, ஜாதகம் இல்லையே, நாளைக்கு நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று அவர்களுக்கு ஆயிரம் கவலை.

அப்புறம் காத்திருப்பு. வருஷக்கணக்கில். இவர் காலையில் எழுந்ததும் போனில் வரிசை எண்ணைப் பார்ப்பார், நான் முகத்தைப் பார்த்தே நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். அப்படி ஒரு ஐப்பசி மாதத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்வரலாம் என்றேன். அத்தையும் கிளம்பினார்கள். திருநெல்வேலியில் இருந்து சங்கரன்கோவில், ராஜபாளையம் வழியாகக் கார். ராஜபாளையம் தாண்டியதும் இடது பக்கம் மலை முழுக்க மேகம்.

பதினொரு நிலை ராஜகோபுரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாடு அரசு முத்திரையில் தினமும் பார்க்கிறோம். அது வடபத்ரசாயி கோவில் கோபுரம். படியேறிப் போய், ஆதிசேஷன் மேல் சயனித்திருக்கும் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கினோம். எனக்கு மனசெல்லாம் நந்தவனத்தில்தான். வடபத்ரசாயி கோவிலுக்கும் ஆண்டாள் கோவிலுக்கும் இடையில் இருக்கிறது அது. பெரியாழ்வார் பூப்பறித்து மாலை கட்டிய இடம். துளசிச் செடியடியில் ஒரு பெண் குழந்தை கிடக்க, தூக்கிக்கொண்டு போய்க் கோதை என்று பெயர் வைத்து வளர்த்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. அந்த இடத்தில் ஆண்டாளுக்குச் சின்ன சந்நிதி. மழை விட்டு மண் ஈரமாக இருந்தது. துளசியைத் தொட்டாலே கையெல்லாம் வாசம்.

பக்கத்தில் ஒரு குடும்பம். அதில் ஒரு பாட்டி பேத்தியிடம், "இந்த எடத்துலதான்டி ஆண்டாள் பாப்பா கிடைச்சா" என்று கையை நீட்டிக் காட்டினார்கள். அந்தக் குட்டி குனிந்து, இன்னும் யாராவது கிடக்கிறார்களா என்று செடிக்கடியில் பார்த்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சமூகப் பணியாளர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பாட்டி கையிலேயே இருந்தது. ஆண்டாள் பெரியாழ்வாருக்குப் பிறந்த பெண் இல்லை என்பதை இந்த ஊர் மூடி மறைக்கவில்லை. கிடைத்த இடத்தைக் காட்டுகிறது, அங்கே விளக்கேற்றுகிறது, கிடைத்த நாளை ஆடிப்பூரம் என்று தேர் இழுத்துக் கொண்டாடுகிறது. பெற்றது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பூமாதேவி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆண்டாளும்தான் என்ன செய்தாள்? பாட்டைப் பாடி முடிக்கும்போதெல்லாம் பட்டர்பிரான் கோதை, விட்டுசித்தன் கோதை என்று அப்பா பெயரைச் சேர்த்தே கையெழுத்துப் போட்டாள். பெரியாழ்வாரோ, எனக்கு இருப்பதே ஒரு மகள், மகாலட்சுமி போல வளர்த்தேன், கண்ணன் வந்து கொண்டுபோய்விட்டானே என்று பாசுரத்தில் புலம்புகிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அப்பாவும் படுகிற பாடுதான் அது. வளர்ப்பு மகள் என்ற நினைப்பு அதில் எந்த மூலையிலும் இல்லை.

இதை அத்தையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், பிரசங்கம் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டாள் சந்நிதியில் கூட்டம் குறைவு. ரங்கமன்னார், ஆண்டாள், கூடவே கைகூப்பிய கருடாழ்வார், மூன்று பேரும் ஒரே இடத்தில். ஆண்டாள் இடது கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாக இலைகளில் செய்கிறார்கள். அலகுக்கு மாதுளம்பூ. நான் அந்தச் சிவந்த அலகையே பார்த்துக்கொண்டிருந்தபோது அர்ச்சனைத் தட்டோடு அத்தை முன்னால் போனார்கள். பட்டர் பெயர் நட்சத்திரம் கேட்டார். இவர் பெயர், என் பெயர், எல்லாம் சொல்லி முடித்தார்கள். பட்டர் திரும்பப் போனார்.

"சாமி, இன்னும் ஒரு பேரு இருக்கு" என்றார்கள் அத்தை.

"சொல்லுங்கோ."

"பேரு இன்னும் வைக்கல. வீட்டுக்கு வரப்போற பிள்ளை."

"நட்சத்திரம்?"

அத்தை ஒரு விநாடி யோசித்தார்கள். "அதுவும் தெரியாது. பூரம்னு சொல்லிக்கோங்க சாமி."

பட்டர் மறுபேச்சு பேசவில்லை. இவர் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து கண்ணாடிக் கிணற்றைப் பார்த்தோம், பெருமாளுக்கு முன்னால் மாலையைத் தான் சூடி அழகு பார்த்தாளே, அந்தக் கிணறு. பால்கோவா வாங்கினோம். அத்தை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன் வந்தது பிறகு ஒரு சாயங்காலம். குழந்தையின் படம், உடல்நலக் குறிப்பு, பின்னணி அறிக்கை எல்லாம் இணையதளத்தில் வரும். 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்லி ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டினோம் என்று பெயர்தான், அதற்கு முன்பே இவர் கார் டயருக்குக் காற்று அடித்தாயிற்று. முன்பெல்லாம் கோர்ட் ஆணை வேண்டும். 2022-இல் இருந்து கலெக்டர் ஆணை. அது வரும்வரை தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற பெயரில் குழந்தை நம் வீட்டில்தான் இருக்கும். ஆணை வந்த பிறகு எங்கள் பெயரைப் பெற்றோராகப் போட்டுப் பிறப்புச் சான்றிதழும் வந்துவிட்டது. எந்த ஊர், எப்படிக் கிடைத்தாள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய கதை. முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

சொல்லவும் தொடங்கிவிட்டோம். ராத்திரி தூங்க வைக்கும்போது துளசிச் செடிக் கதையைச் சொல்வது அத்தைதான். அதில் பெரியாழ்வார் திருநெல்வேலிப் பேச்சு பேசுவார்.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டை மொட்டை பற்றி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்து முடி இறக்கலாம் என்பது என் ஆசை. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டாளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் போகலாம், இந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் மொட்டை சாஸ்தா கோவிலில், பங்குனி உத்திரத்துக்கு, தாய்மாமன் மடியில் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். என் தம்பி லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார், அந்த முறை பங்குனி உத்திர வாரத்தில் வருகிறதே என்று இவர் இழுத்தார்.

"அந்தப் பிள்ளையையும் சாஸ்தா கோவிலுக்கே வரச் சொல்லு" என்றார்கள் அத்தை. "கிடா வெட்டுறது இல்ல நம்ம கோவில்ல, சர்க்கரைப் பொங்கல்தான். சாப்பிட்டுட்டு எழுதிக்கிட்டுப் போகட்டும்."