இரண்டாவது சரணம்

ஜூன் 11, புதன்

குரல்வளைக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த மருத்துவர், குரல் நாண்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வீங்கியிருப்பதைத் திரையில் காட்டினார். பாடக் கூடாது, பேச்சையும் கூடியவரை நிறுத்த வேண்டும் என்றார். கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்களாம். அதுவும் நாண்களை வருத்தும். மனநல ஆலோசனைக்கும் பாட்டுக்கும் எனக்கு இருப்பது ஒரே தொண்டை.

ஜூன் 12

இம்மாத அமர்வுகளை எல்லாம் தள்ளிவைத்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி எழுதி, அவசரத்துக்கு என் சக ஆலோசகரின் எண்ணையும், இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயும் சேர்த்து அனுப்பினேன். எல்லோரும் பதில் அனுப்பிவிட்டார்கள் என்று எழுத முடிந்தால் இன்று தூங்கிவிடுவேன்.

ஜூன் 14

பாடல் ஜூலை 4 அன்று வெளிவர வேண்டும். கலவையும் மாஸ்டரிங்கும் முடிந்து விநியோகத் தளத்தில் ஏற்றியாகிவிட்டது. இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரிதான் மனத்தை அரிக்கிறது.

அதை எழுதியபோது அம்மாவைப் பெற்ற அம்மாயியின் குரலில்தான் எனக்குக் கேட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கேரளத்தின் குளத்துப்புழையில் ரப்பர் பால் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர் அம்மாயி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1976-இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்தக் குடியிருப்புகளில் துக்கத்தைச் சொல்வதற்கென்றே ஒரு பேச்சு இருக்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரியாகவும் மற்ற நாள்களில் குழாயடிப் பேச்சாகவும் அதே சொற்கள் வரும். புனலூரில் என் அறைக்கு வருகிறவர்கள் பலரும் அதே சொற்களில்தான் அழுகிறார்கள். அந்த நான்கு சொல்லை எனக்குத் தந்தவர் அம்மாயியா, என் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரா?

வரியை இங்கே எழுதமாட்டேன். அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்பதையும் எழுதமாட்டேன். அமர்வுக் குறிப்பேட்டைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ஆனால் அது அவருடைய சிகிச்சைக்காக எழுதப்பட்டது, என் பாட்டுக்காக அதைத் திறப்பது முறையல்ல.

ஜூன் 15

தகரக் கூரையில் நாள் முழுதும் சாரல். அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் இல்லை.

ஜூன் 18, புதன்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இல் சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தைக் காக்கச் சொல்லும் 23-ஆம் பிரிவை மறுபடியும் படித்தேன். சட்டத்தின் பார்வையில் அந்த வரி யாரையும் காட்டிக்கொடுக்காது. அதில் பெயரில்லை, ஊரில்லை, நடந்த சம்பவமும் இல்லை. அதை அடையாளம் காணக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், என் கவலையும் அந்த ஒருவரைப் பற்றியதுதான். ஆரியங்காவைக் கடக்கும் பேருந்தில் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும்போது, வேறு யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்ன சொல் தாளத்தோடு காதில் விழுந்தால், அடுத்த முறை என் முன்னே வாய் திறப்பதற்குள் அவர் யோசிப்பார். அழகாகச் சொல்ல முயல்வார், அல்லது சொல்லாமலே போய்விடுவார்.

அனுமதி கேட்டுவிடலாமே என்று நாகர்கோவிலில் இருக்கும் ஒலிப்பதிவு நண்பர் எழுதியிருந்தார். தமக்கு உதவுகிறவரே வந்து கேட்கும்போது மறுத்துச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? கேட்ட நிமிடமே அந்த அறை அவருக்குரியதாக இல்லாமல் போகும்.

ஜூன் 19

நண்பர் விடவில்லை. நான்கு சொல்லுக்குக் காப்புரிமை கிடையாது, ஊரில் புழங்கும் பேச்சு யாருக்கும் சொந்தமில்லை என்கிறார். இரண்டும் உண்மைதான். ஆனால் 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதுகிறவருக்கு உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்று உறுதிசெய்ததைப் பேசிப் பேசி மகிழ்கிறவர்கள் நாங்கள் இருவரும். எழுதியவருக்கு உரியதைக் கேட்கத் தெரிந்தவர்கள் சொன்னவருக்கு உரியதையும் நினைக்க வேண்டாமா?

ஜூன் 22, ஞாயிறு

குளத்துப்புழையில் சின்ன அம்மாயியைப் பார்க்கப் போனேன். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பதால், மரந்தோறும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போலச் சுற்றித் தார் பூசி ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே சிரட்டையில், எடுக்காமல் விட்ட பால் உறைந்து கிடந்தது.

சின்ன அம்மாயிக்கு எழுத்து தெரியாது. எனக்குப் பேச அனுமதியில்லை. கேள்வியை எழுதி அவர் பேத்தியிடம் நீட்டினேன். அதிலும் வரியை எழுதவில்லை. தாத்தா இறந்த அன்று அம்மாயி என்ன சொல்லி அழுதார் என்று மட்டும் கேட்டிருந்தேன். "அக்கா ஒன்னு சொல்லும், நா ஒன்னு சொல்லுவேன். யாரு சொன்னதுன்னு யாரு பார்த்தா?" என்றார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் பாடினார். அவ்வளவு தளர்ந்த உடம்பிலிருந்து அத்தனை உரத்த குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரி அதில் இல்லை. அதன் முன்பாதி இருந்தது.

அவர் சொன்னதைத் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். முற்றத்தில் பத்துப் பேர் தோளைக் கட்டிக்கொண்டு அழும்போது சொல் எல்லோருக்கும் பொதுவாகிறது. என் அறையில் அழுவது ஒருவர் மட்டும். கதவைச் சாத்திவைத்திருப்பதும் நான்தான்.

ஜூன் 25, புதன்

வரி வரும் இடத்தில் என் குரலை எடுத்துவிட்டுக் கிதாரை மட்டும் ஒலிக்கவிடலாம், தேதியும் தப்பாது என்றார் நண்பர். அப்படிச் செய்தால் கேட்கிறவர் எல்லோருக்கும் அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருப்பது தெரியும். உரியவருக்கு அது இன்னும் உரக்கக் கேட்கும். பாடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். புதிதாகப் பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண்ணும் புதிதாக வாங்க வேண்டும். வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 26

பதில் வந்துவிட்டது.

ஜூலை 2, புதன்

வீக்கம் வற்றியிருக்கிறது. ஒரு நாளில் இரண்டு அமர்வுகள் வரை நடத்தலாம், உச்சத்தில் பாடுவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். வெளியே வந்து முதலில் அம்மாவைத்தான் அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார்.

ஜூலை 3

சின்ன அம்மாயி பாடிய முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை நானே எழுதிப் பார்க்கிறேன். அதைச் சேர்த்துக்கொள்ள அவரிடம் கேட்டாயிற்று, சிரித்தார், தலையசைத்தார். பொருள் சரியாக வருகிறது, மூச்சுதான் இடிக்கிறது. நெடில்கள் அடுத்தடுத்து விழுவதால் மூச்சு வாங்க இடமில்லை. நண்பர் மெட்டையே மாற்றச் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை.