விடிய விடியக் கூத்து, ஒரு மணி நேரத்தில்: விஏஏபிஐ அமைத்த கதை

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் எடுத்த கூத்து வீடியோ ஆறு மணி நேரம், 65 ஜிபி. கேமரா பழைய ஏவிசிஎச்டி ரகம், 2 ஜிபி துண்டுகளாக எழுதித் தள்ளியிருந்தது. கூத்து வாத்தியார் போனில் பார்த்து, எந்தெந்தப் பாட்டைத் தனியாக வெட்டலாம் என்று நேரம் குறித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். 65 ஜிபியை அவர் போனுக்கு எப்படி அனுப்புவது?

கையில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. ஐ5-8250யு, அதிலேயே இருக்கும் இன்டெல் யுஎச்டி 620 கிராபிக்ஸ், டெபியன் 12 லினக்ஸ். மூடியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன், வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே போவது. வீடியோவைச் சுருக்க வழக்கம்போல் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில், சிபியுவை வைத்தே ஹெச்264 வடிவுக்குச் சுருக்கும் எக்ஸ்264 போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 45 ஃபிரேம். மொத்தமும் முடிய மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல், அதுவரை அலமாரிக்குள் விசிறி இரைச்சல். இத்தனைக்கும் 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் காலத்திலிருந்தே இன்டெல் சிப்புக்குள் வீடியோ என்கோட் செய்வதற்கென்றே (சுருக்கி எழுதுவதற்கென்றே) தனிச் சுற்று இருக்கிறது. அதைச் சும்மா வைத்துக்கொண்டு சிபியுவை வாட்டுவானேன்?

லினக்ஸில் அந்தச் சுற்றுக்குப் போகும் வழி விஏஏபிஐ. முதல் வேலையாக, அதில் என்னென்ன உண்டு என்று பட்டியல் போடும் விஏஇன்ஃபோவை ஓட்டினேன். சாதனத்தைத் திறக்க அனுமதி இல்லை என்றது. மூடியைத் திறந்து டெஸ்க்டாப்பில் லாகின் செய்து ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது! இதில் அரை நாள் போனது. கணினியின் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்பவருக்கு கிராபிக்ஸுக்கான ரெண்டர்டி128 என்ற சாதனக் கோப்பைத் திறக்கும் உரிமையை, லினக்ஸில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி தானாகவே கொடுத்துவிடுகிறது. எஸ்எஸ்எச்சில் வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர் ரெண்டர் குழுவில் இருக்க வேண்டும். என் பெயரை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியே போய் மறுபடி லாகின் செய்ததும் சரியானது. வெளியே போகாமல் அதே டெர்மினலில் நான்கு முறை முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஏஇன்ஃபோ நீளமாக ஒரு பட்டியல் போட்டது. ஹெச்264 இருக்கிறது, அதற்கு அடுத்து வந்த ஹெச்இவிசி வடிவும் இருக்கிறது. அப்பாடா என்று எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால், இந்த புரொஃபைலுக்கு என்கோட் நுழைவாயில் எதுவும் இல்லை என்று நின்றுவிட்டது. பட்டியலின் வலது பக்கத்தை நான் படிக்கவே இல்லை. அங்கே விஎல்டி என்று முடிந்தால் அது டிகோட் (சுருக்கியதை விரிப்பது) மட்டும். என்க்ஸ்லைஸ் என்று இருந்தால்தான் என்கோட். என்னிடம் ஹெச்264-க்கு என்க்ஸ்லைஸ்எல்பி என்ற குறை மின்சார வகை ஒன்றுதான் இருந்தது, ஹெச்இவிசிக்கு அதுவும் இல்லை.

காரணம் டிரைவர். டெபியன் இயல்பாக நிறுவுவது முழுக்கத் திறமூலமான ஐஎச்டி டிரைவர். என் சிப்பில் முழு என்கோட் வேலை செய்ய வேண்டுமானால் மூலநிரல் வெளியிடப்படாத சில ஷேடர்கள் (கிராபிக்ஸுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) தேவை, அவை நான்-ஃப்ரீ என்று பெயர் முடியும் தனிப் பொதியில்தான் வரும். அந்தப் பொதி வரும் நான்-ஃப்ரீ களஞ்சியத்தை ஏற்கெனவே போட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் இருந்தது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர். டெபியன் 12-இல் அது வேறு, இது வேறு. களஞ்சியப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்து டிரைவரை மாற்றியதும் என்க்ஸ்லைஸ் வரிகள் வந்தன. திறமூலம் என்று பெருமை பேசிக்கொண்டு இந்தப் பொதியைப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனாலும் போட்டேன்.

முதல் ஓட்டத்தில் நொடிக்கு 80 ஃபிரேம். பரவாயில்லை, ஆனால் எதிர்பார்த்தது இது இல்லை. டிகோட் செய்த ஃபிரேமை மெமரிக்கு இறக்கி, மறுபடி கிராபிக்ஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஹார்டுவேர் டிகோட் கேட்டால் மட்டும் போதாது, அதன் அவுட்புட் ஃபார்மேட்டும் விஏஏபிஐ என்று சொல்ல வேண்டும். சொன்னதும் 170-க்குத் தாவியது. கிராபிக்ஸின் வேலைப்பளுவைக் காட்டும் இன்டெல் ஜிபியு டாப்பில் வீடியோ வரிசை நிறைந்து நின்றது, விசிறிச் சத்தமே இல்லை. கேமரா இன்டர்லேஸ் முறையில், ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாக எழுதுவதால் ஆட்டக்காரர் சுழலும்போது பாவாடை ஓரமெல்லாம் சீப்புப் பல் போல் கோடுகள் விழும். அதற்கும் விஏஏபிஐயிலேயே டீஇன்டர்லேஸ் ஃபில்டர் இருக்கிறது, ஃபிரேம் கீழே இறங்க வேண்டியதில்லை.

க்யூபி என்ற தர அளவை 24 வைத்ததில் 53 நிமிடத்தில் 12 ஜிபி ஃபைல் வந்தது.

படம் எப்படி? திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளியே வரும் இடத்தை நிறுத்திப் பார்த்தேன். கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் பளிச்சென்று இருக்கின்றன, குறையில்லை. அதற்குப் பின்னால் இருட்டு இருக்கிறதே, அதில்தான் கட்டம் கட்டமாக ஏதோ ஊர்கிறது. சாம்பிராணிப் புகை படிப்படியாக உடைந்து தெரிகிறது. அதே பகுதியை எக்ஸ்264-இல் சிஆர்எஃப் என்ற தர அளவை 22 வைத்துப் போட்டால் இருட்டு இருட்டாகவே இருக்கிறது, அளவும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. என் சிப்பின் வேகம் இப்படித்தான் காசு கேட்கிறது. புதிய கிராபிக்ஸ் கார்டுகளில் ஏவி1 என்ற புதிய வடிவின் என்கோட் வந்துவிட்டது, அதில் இது எப்படியோ, என்னிடம் இல்லை.

போனில் பார்த்து நேரம் குறிக்க 12 ஜிபி ஃபைலே தாராளம். அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாத்தியார் பதினான்கு இடம் குறித்து அனுப்பியிருக்கிறார். அவற்றை மட்டும் மூல ஃபைலிலிருந்து வெட்டி, எக்ஸ்264-இல் ராத்திரி முழுக்க ஓட விட்டிருக்கிறேன். அலமாரிக் கதவைச் சாத்தவில்லை.